மாப்பிள்ளைத் தேங்காயின் மீசை

தம்பி,

"நாங்கள் இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல்" என்று உன் அம்மா எழுதப் போனாள். வேண்டாம் என்றேன். நீதான் பினாங்கிலிருந்து தினமும் வேலை விட்டதும் அவளைக் கூப்பிடுகிறாயே. அவளுடைய முட்டிவலியிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரைக்கும் எல்லாம் உனக்குத் தெரியும். பேசாமல் இருப்பது என்னிடம்தான். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, வாய் வரும். அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள், கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும். ஆனால் நான் சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால், "எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்கிறாள். அவள் சிரிப்பைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

எழுதி முடித்ததும் இதைப் படமெடுத்து நம் குடும்பக் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் படிக்கட்டும். உன் நிச்சயத்தன்று சித்தியவானில் பெண் வீட்டில் மாப்பிள்ளைத் தேங்காயின் மீசை நழுவியதை உன் சித்தப்பா மகன் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். பக்கத்து ஊரான கோப்பெங்கில் எனக்குப் பெயர் தெரியாத ஆட்கள்கூட என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்காட்டுகிறார்கள். நழுவியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ளட்டும். அது உனக்கும் தெரியாது.

முதலில் அந்த மீசையை ஒட்டிய பசைத் துப்பாக்கி நம் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது வந்ததே உன்னால்தான். நாம் இருந்த ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், பால்மரத்தையெல்லாம் சாய்த்து வீடு கட்டப் போகிறார்கள் என்றதும், நானும் உன் அம்மாவும் பால்வெட்டுக் கத்தியைக் கட்டிவைத்துவிட்டு இங்கே குனோங் ராபாட்டுக்குக் குடிவந்தோம். உனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு வீடு செய்து கொண்டுவரச் சொன்னார்கள். நீயும் நானும் ஐஸ்கிரீம் குச்சியெல்லாம் சேர்த்து, சோற்றைப் பிசைந்து பசையாக்கி, கதவு, ஜன்னல், கூரை எல்லாம் வைத்து ஒரு வீடு கட்டினோம். உண்மையில் நாம் குடியிருந்த வீட்டைவிட அது நன்றாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் சுவரெல்லாம் எறும்பு. நீ ஒரு பக்கம் தூக்கினாய், கூரை மறுபக்கம் போய்விட்டது. "என் வீட்ட எறும்பு தூக்கிட்டுப் போகுதுப்பா" என்று நீ அழுதது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கே உன்னைச் சைக்கிளில் வைத்துச் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரச் சீனக் கிழவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்தத் துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார். "இனி பாக்கே. செமுத் தாக் மாக்கான்" என்றார். இதைப் போடு, எறும்பு தின்னாது என்றார். பின்னால் ஒரு பசைக் குச்சியைச் செருகி, சுவிட்சைப் போட்டு, சூடேறியதும் விசையை அழுத்திக் காட்டினார். மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. நீ கண்ணை விரித்துக்கொண்டு, "பால் மாதிரியே வருதுப்பா" என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பால்மரத்தை விட்டு வந்தவனுக்கு மறுபடியும் கையில் ஒரு பால் கிடைத்த மாதிரி.

அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தத் துப்பாக்கி தொடாத பொருள் இல்லை. துணிக்கூடையின் பிடி, சுவரில் தொங்கும் மின்கம்பி, சாமி படத்தின் சட்டம், தீபாவளிக்குப் பலகையில் ஒட்டிய கலர் அரிசிக் கோலம், உன் அம்மா வழுக்காமல் இருக்க அவள் செருப்புக்கு அடியில் வைத்த பசைப் பொட்டு. எழுதுகிறவள் இங்கே நிறுத்திவிட்டு, "முருகர் கையில வேல திருப்பி ஒட்டினத சொல்லுங்க" என்கிறாள். சரி, அதுவும்தான். ஒரு தடவை என் செருப்பு வாரை ஒட்டிப் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் பாசாருக்குக் காய் வாங்கப் போனேன். தார்ரோட்டில் வார் கையோடு வந்துவிட்டது. செருப்பு மட்டமான செருப்பு என்று சொல்லித் தூக்கி எறிந்தேன். வெயில் அன்றைக்கே எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறது. நான்தான் செருப்பைத் திட்டிவிட்டு வந்தேன்.

நீ யோகேஸைக் கட்டிக்கொண்டு பினாங்கில் புதுவீட்டுக்குப் போகப் போகிறாய். உனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். நீ முகத்தைச் சுளிப்பது இங்கேயே தெரிகிறது, இருந்தாலும் கேள். சுவிட்சைப் போட்ட உடனே அழுத்தாதே. சூடேறும்வரை பொறு. அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே விசைதான் உடையும். ஒட்டப் போகிற இடத்தை முதலில் துடை, தூசியில் ஒட்டியது தூசியோடு போய்விடும். பசை கொஞ்சமாக வை. நிறைய வைத்தால் பலம் என்று நினைக்கிறவன் விரலைச் சுட்டுக்கொள்வான், நான் எத்தனையோ தடவை சுட்டுக்கொண்டிருக்கிறேன். வைத்ததும் அழுத்திப் பிடி, பிடித்த கையை ஆட்டாதே. சுவரில் கண்ணாடி, தலைக்கு மேல் தொங்குகிற எதையும் இதை நம்பி ஒட்டாதே, அதற்கு ஆணி இருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையின் பிடியை ஒட்டவே ஒட்டாதே. சூடான தேத்தண்ணி ஊற்றினதும் பிடி உன் கையில் இருக்கும், கோப்பை உன் மடியில் இருக்கும். இதையும் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று நீ கேட்க வேண்டாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். நிச்சயத்துக்குக் கொண்டுபோகும் சீர்த்தட்டில் இரண்டு தேங்காய் இருக்க வேண்டும், ஒன்று மாப்பிள்ளை, ஒன்று பெண். தட்டு மாற்றும்போது மாப்பிள்ளைத் தேங்காய் பெண் வீட்டில் தங்கும், பெண் தேங்காய் நம் வீட்டுக்கு வரும். கல்யாணத்தன்று இரண்டையும் சேர்த்து வைத்து உடைப்பார்கள். மற்றவர்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கொண்டுபோவார்கள். நான் சும்மா இருப்பேனா? மட்டையை உரித்து, ஓட்டை வழவழவென்று சுரண்டி, கண், மூக்கு வைத்து, பெண்ணுக்குக் கொண்டை போட்டுப் பூ வைத்தேன். மாப்பிள்ளைக்கு உன் அம்மாவின் கூறைச்சேலை ஓரத்தில் தலைப்பாகை, அவளுடைய பழைய சவுரியில் வெட்டிய மீசை. எல்லாம் பசைத் துப்பாக்கி வேலை. நீகூட அதைப் பார்த்துவிட்டு, "மீச நல்லா இருக்குப்பா" என்றாய். நினைவிருக்கிறதா? நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

வேனில் ஏற்றும்போதுதான் தப்பு நடந்தது. உன் அம்மா, "தட்டு மேல தடிப்பா ஒரு துணி போடுங்க, வெயில் நேரா அடிக்குது" என்றாள். நான் கேட்காமல், அந்தத் தட்டை மட்டும் எடுத்து வெயில் அடிக்கும் பக்கமாகப் பின்கண்ணாடியை ஒட்டி வைத்து, ஒரு மெல்லிய பட்டுத்துணியைப் போட்டேன். வேண்டுமென்றே வைத்தேன் தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினவன் நான். பாலைக் கட்டியாக்கி, உருளையில் போட்டுத் தகடாக்கி, வெயிலில் தொங்கவிட்டால் இறுகும். ஒட்டுகிற பொருள் எதுவானாலும் வெயில் பட்டால் கெட்டிப்படும் என்பது என் எலும்பில் ஊறிய புத்தி. "கொஞ்சம் வெயில் படட்டும்டி, நல்லா புடிச்சுக்கும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பால் வெயிலில் இறுகும், இந்தப் பசை வெயிலில் இளகும். ரப்பர்த் தோட்டத்துக்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி ஒரு தப்பைப் பெருமையோடு செய்திருக்க மாட்டான். அது போதாதென்று வழியில் ஆயர் தாவாரில் வேனை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

பிறகு நடந்ததைப் படத்தில் ஊரே பார்த்தது. சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைய ஜனம். நான் துணியை எடுத்தேன். மாப்பிள்ளையின் மீசை மெதுவாக, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, வாயைத் தாண்டி முகவாய்க்கு வந்தது. தலைப்பாகை ஒரு கண்ணை மூடிக்கொண்டது. பெண் தேங்காய் சாய்ந்து, கொண்டையை மாப்பிள்ளையின் கன்னத்தில் பதித்துக்கொண்டிருந்தது. யோகேஸின் பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னலா, மாப்ளைக்கு மீசையா தாடியா?" என்றார். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா மகனின் படம் அத்தோடு முடிகிறது.

வினை அதற்குப் பிறகுதான். கூடத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்துத் தட்டு மாற்றும் நேரத்துக்குள் பசை குளிர்ந்து கல்லாகிவிட்டது. பெண் தேங்காயை எடுக்கப் போனால் மாப்பிள்ளையும் சேர்ந்து வருகிறான். நான் இழுத்தேன். பெரியம்மா கையைக் காட்டினார். "நில்லுங்க. நிச்சயத்தன்னிக்கே ஜோடிய பிரிக்கிறதா?" சம்பந்தி நல்ல மனுஷன், மீன் லாரி ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுக்கமாட்டார். "அப்ப ரெண்டும் இங்கயே இருக்கட்டும்லா அண்ணே, இப்ப என்ன" என்றார். உடனே நம் பக்கத்திலிருந்து உன் மாமா, "அப்ப எங்க பையன் வீட்டோட மாப்ளையா?" என்று கேட்டுவைத்தார். மறுபடியும் சிரிப்பு. உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணம் வரைக்கும் ரெண்டும் நல்லா இருந்தா எல்லாம் நல்லதுதான்" என்று சொல்லித் தட்டைச் சாமிமேடைக்குக் கொண்டுபோனார். தாய் இல்லாத யோகேஸை வளர்த்தவர் அவர். அவர் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றால் சம்பந்தி மறுவார்த்தை பேசமாட்டார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேங்காய் கெட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வேனில் ஏறினேன். நீ உன் காரில் ஏறுமுன் என் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "கல்யாணத்துக்கு நீங்க ஒண்ணும் ஒட்ட வேணாம்பா. சும்மா வந்து உக்காருங்க, போதும்" என்றாய். நான் சரி என்றேன். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சில வாரம் போனது. ஒருநாள் மத்தியானம் யோகேஸ் கூப்பிட்டாள். உன் அம்மாவை இல்லை, என்னை.

"மாமா, தேங்கா கசியுது" என்றாள் மெதுவாக.

"எந்தத் தேங்கா?"

"பொண்ணுதான் மாமா. கொண்டைக்குக் கீழ ஒரு கீறல். பெரியம்மா இன்னும் பாக்கல. பாத்தா என்ன சொல்வாங்களோ. அவர்கிட்ட சொல்லாதீங்க, ஏற்கெனவே கோவத்துல இருக்காரு."

அன்றைக்கு நான் இழுத்த இழுப்பில் விழுந்த கீறலாகத்தான் இருக்கும். மறுநாள் காலையிலேயே நானும் உன் அம்மாவும் பஸ் ஏறினோம். பையில் ஒரு போத்தல் ஸ்பிரிட், ஊசி போடுமுன் கையில் தடவுவார்களே, அது. இந்தப் பசைக்கு அதுதான் மருந்து. முரட்டுத்தனமாகப் பிய்த்தால் ஓடும் சேர்ந்து பெயரும். ஓரத்தில் நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் காத்திருந்தால் தானாகக் கழன்றுகொள்ளும். பெரியம்மா காலையில் கோயிலுக்குப் போவார், அந்த நேரத்தில் பிரித்து, கீறல் விட்டதற்குப் பதில் புதுத் தேங்காய் வைத்துவிடலாம் என்பது யோகேஸ் போட்ட திட்டம். கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தது பெரியம்மா.

"வாங்க அண்ணே. தேங்கா பாக்கத்தானே வந்தீங்க?"

அவருக்குப் பின்னால் யோகேஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நான் சொல்லல மாமா" என்றாள்.

"அவ சொல்லணுமா? மூணு நாளா எறும்பு சாமிமேடைக்கு வரிசை கட்டிப் போகுது. எனக்குக் கண்ணு இல்லியா?" என்றார் பெரியம்மா.

மறுபடியும் எறும்பு, தம்பி. அன்றைக்கு உன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது, இன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். உன் அம்மாதான் கேட்டாள். "பாத்துட்டு ஏங்கக்கா ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

பெரியம்மா யோகேஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "பாத்தேன்னு சொன்னா, நல்லதா கெட்டதான்னு நான் ஒண்ணு சொல்லணும். வீட்டுல எல்லாரும் என் வாயைத்தானே பாப்பாங்க. இந்தப் பிள்ள எத்தனை வருசம் கழிச்சு இப்படிச் சிரிக்கிறா. அதான் பாக்காத மாதிரியே போறதும் வாரதுமா இருந்தேன்."

நாங்களெல்லாம் அவருக்குப் பயந்துகொண்டிருந்தோம். அவர் தன் வாய்க்கே பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஒட்டினது நீங்க. நீங்களே பிரிங்க" என்று தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கொண்டை ஓரத்தில் ஸ்பிரிட்டை விட்டேன். காத்திருந்தோம். டப் என்று ஒரு சின்னச் சத்தம், இரண்டும் தனித்தனியாக வந்தன. மாப்பிள்ளைத் தேங்காயில் ஒரு கீறல்கூட இல்லை. பெண் தேங்காயைப் பெரியம்மா தன் கையாலேயே உடைத்தார். யோகேஸ் கண்ணை மூடிக்கொண்டாள். உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், இல்லை என்று எழுத வருகிறாள், நம்பாதே. தேங்காய் வெள்ளையாகத்தான் இருந்தது, கீறல் பட்ட ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளாக மாறியிருந்தது. பெரியம்மா அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து அந்த ஓரத்தைச் செதுக்கிப் போட்டார். "சாமிமேடையில மஞ்சத்தூள் பட்டிருக்கு" என்றார் சாதாரணமாக. "நல்ல தேங்கா. யோகேஸ், திருவு. அண்ணனும் அண்ணியும் சாப்பிட்டுத்தான் போவாங்க." அன்றைக்கு அந்த வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டோம். பெண் தேங்காய் குழம்பில் கரைந்து எல்லோர் வயிற்றுக்குள்ளும் போய்விட்டாள்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது சாப்பிடும்போது யோகேஸ் சொன்னது. மாப்பிள்ளைத் தேங்காயின் மீசை கொஞ்சம் கோணலாக, ஆனால் மூக்குக்குக் கீழேயே இருந்தது. படத்தில் முகவாயில்தானே கிடந்தது, எப்படி மேலே ஏறியது என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா மாமா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கும்போது அவர்தான் வந்து பக்கத்துல நின்னு, மீசைய மேல தள்ளி, விரலால அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. மொகத்துல அவ்வளவு கோவம். ஆனா பசை காயுற வரைக்கும் கைய எடுக்கல" என்றாள். நான் அப்போது வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படம் பிடித்தவனும் நிறுத்திவிட்டான். என் கௌரவத்தை நீ ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். புத்திசாலிப் பெண் தம்பி. அவளைப் பற்றி உனக்கு நான் வேறு அறிவுரை சொல்லத் தேவையில்லை. கோபம் வரும்போது அன்றைக்குப் பிடித்த மாதிரி பிடித்துக்கொள். அது போதும்.

கிளம்பும்போது அவள், "மாமா, கல்யாணத்துக்குப் புதுப் பொண்ணு நீங்கதான் செய்யணும். மாப்ள அப்படியே இருக்கட்டும், அந்தக் கோண மீசையத் தொடாதீங்க" என்றாள். பெரியம்மாவும், "வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க. மச்சான்கிட்ட மீன் பெட்டி சும்மாத்தான் கெடக்கு, ஐஸ் போட்டுக் கொண்டாரலாம்" என்று சொல்லி, வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றை உன் அம்மா தலையில் கட்டிவிட்டார். பஸ்ஸில் வந்த ஜனமெல்லாம் நாங்கள் மீன் வாங்கி வருகிறோம் என்று நினைத்து என்ன மீன் என்று கேட்டார்கள். பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம், இன்னும் கொஞ்சம் கெளுத்தி வாசம் இருக்கிறது.

ஆனால் நீ ஒன்றும் ஒட்ட வேண்டாம் என்று சொன்னாய், நானும் சரி என்றேன். அவள் செய் என்கிறாள். சொன்ன சொல்லையும் மீற முடியாது, மருமகள் கேட்டதையும் தட்ட முடியாது. அதனால் உன்னிடமே கேட்கிறேன். தேங்காய் வாங்கி உரித்துவைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்குக் கை லேசாக நடுங்குகிறது, ஒரு கையில் துப்பாக்கி இருந்தால் மறு கை தேங்காயை அசையாமல் பிடிக்க முடியவில்லை. உன் அம்மாவைப் பிடிக்கச் சொன்னால் மீசை ஞாபகம் வந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கண் ஒன்று காதுப் பக்கம் போய்விட்டது, பிய்த்து வைத்திருக்கிறேன். அசையாமல் பிடிக்கிற கை இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

சனிக்கிழமை வா. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ போன் செய்ய வேண்டாம். காலையில் நான் துப்பாக்கியில் குச்சியைச் செருகி மேசையில் வைத்திருப்பேன், ஆனால் சுவிட்சைப் போடமாட்டேன். வாசலில் உன் காரின் சத்தம் கேட்ட பிறகுதான் போடுவேன். அது சூடேறுவதற்குள் நீ ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம்.

உன் அப்பா

(இதை எழுதினவள் சொல்வது: சட்டையப் புடிச்சது உண்மைதான். வாடா.)